மஞ்சச் சுவரு வேணாம்: லீவுக்கு வந்த ஆர்டிஸ்ட் ஃபிரண்ட பாண்டியில ஒரு சர்ரியல் படம் எடுக்கறது எப்பிடி

பாண்டிக்கு லீவுக்கு வர்ற ஃபிரண்ட எங்க நிக்க வச்சு படம் எடுப்போம்னு சொல்லவே வேணாம். ஒயிட் டவுன், மஞ்சச் சுவரு, மேல காகிதப்பூ, ஒரு கால மடக்கி சுவத்துல முட்டுக் குடுத்து, தெருக்கோடியில யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு பார்வை. நல்லாத்தான் இருக்கும், லைக்கும் வரும். ஆனா வந்திருக்கறவங்க ஓவியராவோ சிற்பியாவோ இருந்தா, அதாவது நாள் பூரா கோடு, உருவம், நிழல்னே பொழப்பு ஓட்டுறவங்களா இருந்தா, "சூப்பர்"னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே மறந்துருவாங்க. அவங்கள வேற மாதிரி எடுக்கலாம். 1937லயே ஒருத்தங்க எடுத்துக் காட்டிட்டாங்க.

லீ மில்லர். அமெரிக்காவுல 1907ல பொறந்தவங்க, மொதல்ல மாடல், அப்புறம் பாரிஸ் போய் மேன் ரேங்கற ஓவியர்-போட்டோகிராபர் கூட வேல செஞ்சு முழு போட்டோகிராபர் ஆனவங்க. அவங்க தோழி ஐலீன் ஏகர், லண்டன் ஓவியர், 1936ல லண்டன்ல நடந்த சர்வதேச சர்ரியலிஸ்ட் கண்காட்சியில இவங்க வேலையும் இருந்துச்சு. (சர்ரியல்னா, கனவுல வர்ற மாதிரி சாதாரணத்தையே விசித்திரமாக்கிக் காட்டுற கலை.) 1937ல பிரைட்டன்ல ராயல் பெவிலியன் வாசல்ல மில்லர் ஏகர ஒரு படம் எடுத்தாங்க. (அந்தப் பெவிலியனே ஒரு கூத்து, இங்கிலாந்து கடற்கரையில வட இந்திய அரண்மனை கணக்கா குவிமாடம் வச்சு கட்டுனது.) படத்துல என்னன்னா ஒரு தூண், அதுல ஏகரோட நிழல், கழுத்துல தொங்குற கேமரா சாமானால நிழலுக்கு வயிறு புடைச்சு மாசமா இருக்கற பொண்ணு மாதிரி தெரியும். அவ்வளவுதான். ஒட்டு வேல இல்ல, ஒரு படத்து மேல இன்னொண்ண எடுக்கற ரெட்ட எக்ஸ்போஷர் இல்ல. மேன் ரேயும் மில்லரும் டார்க் ரூம்ல செஞ்ச சோலரைசேஷன், அதாவது படம் கழுவறப்ப நடுவுல வெளிச்சம் காட்டி கருப்பு வெள்ளைய மாத்தி விடற வித்தையெல்லாம் இதுல ஒண்ணுமே கெடையாது. வெயில், ஒரு தூண், ஒரு ஃபிரண்ட், ஃபிரேம எங்க வெட்டணும்னு தெரிஞ்ச ஒரு கண்ணு.

இதத்தான் நாம பாண்டியில பண்ணப் போறோம். சர்ரியல்னு சொன்ன ஒடனே ஆப்ப தொறந்து தலைக்குப் பதிலா மீன ஒட்டுறவங்களுக்கு இந்த கைடு உதவாது. இருக்கறத இருக்கற மாதிரியே எடுத்து, பாக்கறவங்கள ஒரு செகண்ட் கொழப்பி விடணும், அதுதான் இதுல கஷ்டமும் சொகமும்.

மொதல் வேல, கேமராவ மறக்க வைக்கறது. "நீ இங்க இருக்கற நாள்ல நடுநடுவுல எடுத்துட்டே இருப்பேன், பிடிக்காதது எதுவா இருந்தாலும் சொல்லு, அழிச்சிடறேன்"னு மொதல் நாளே சொல்லிடுங்க. இது மரியாதைக்கு மட்டும் இல்ல, ஒரு தடவ சம்மதம் வாங்கிட்டா அப்புறம் ஒவ்வொரு தடவையும் கேக்க வேணாம், கேட்டாலே மூஞ்சி போஸுக்கு மாறிடும். அப்புறம் சும்மா எடுங்க, டீ குடிக்கறப்ப, செருப்பு தேடறப்ப, மார்க்கெட்ல மல்லி வெல பேசறப்ப. இதெல்லாம் குப்ப படம்னு உங்களுக்கே தெரியும், பரவால்ல. நோக்கமே அவங்களுக்கு சலிச்சுப் போகணும்ங்கறதுதான். 1937 கோடையில பிரான்ஸ்ல மூழான்னு ஒரு ஊர்ல பிக்காஸோ, போட்டோகிராபர் டோரா மார், மேன் ரே, டான்ஸர் ஆடி ஃபிதலின், கவிஞர் எலுவாரும் அவர் மனைவியும், மில்லர், ஓவியர் ரோலண்ட் பென்ரோஸ், ஏகர்னு ஒரு கூட்டமே ஒண்ணா லீவுல கெடந்துச்சு. அதுல பாதிப் பேர் கேமரா புடிச்சவங்க, ஒருத்தர ஒருத்தர் மாத்தி மாத்தி எடுத்துத் தள்ளுனாங்க, பிக்காஸோ மில்லர படமா வரைஞ்சார், மில்லர் பிக்காஸோவ போட்டோ எடுத்தாங்க. அந்தப் படங்கள்ல ஒரு கூச்சமும் தெரியாததுக்குக் காரணம் எடுத்தவங்களும் லீவுல இருந்தவங்கதான். நீங்களும் லீவுல இருக்கணும். "வேல"னு கெளம்பி மூணு லென்ஸ், ரிஃப்ளெக்டர்னு தூக்கிட்டு போனீங்கன்னா முடிஞ்சுது.

இன்னொண்ணு, ஃபிரண்டு கையில அவங்க வேல இருக்கட்டும். ஸ்கெட்ச் பண்றவங்கள ஸ்கெட்ச் பண்ண விடுங்க, களிமண்ணு பிசையறவங்கள வில்லியனூர் டெரகோட்டா பட்டறைக்கு கூட்டிட்டு போங்க. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துல (கலைக் கல்லூரி) படிச்ச யாரையாவது கூடச் சேத்து விட்டீங்கன்னா அவங்க ரெண்டு பேரும் கலர பத்தி சண்ட போட்டுட்டு உங்கள மறந்தே போயிடுவாங்க.

இப்ப வெயில். இதுதான் முக்கியம், இதுல கொஞ்சம் நின்னு பேசணும்.

பிரைட்டன் ஏறக்குறைய 51 டிகிரி வடக்கே இருக்கு, அங்க நடுக்கோடையிலயே சூரியன் 62, 63 டிகிரிக்கு மேல ஏறாது, அதனால நாள் முழுக்க சாஞ்ச வெயில் கெடைக்கும். பாண்டி 12 டிகிரி. இங்க சூரியன் செங்குத்தா கிடுகிடுன்னு ஏறும், உதிச்சு ஒரு மணி நேரத்துல 13, 14 டிகிரி. அப்ப தரையில விழுற நிழல் ஆளோட ஒசரத்துல நாலு மடங்கு இருக்கும், ரெண்டு மணி நேரத்துல ரெண்டு மடங்குக்கு சுருங்கும், மூணு மணி நேரத்துல ஆளும் நிழலும் ஒரே அளவு. ஏப்ரல், ஆகஸ்ட் ரெண்டு மாசத்துலயும் மூணாவது வாரத்த ஒட்டி ஒரு நாள் உச்சியில நிழலே இருக்காது, அன்னிக்கு மத்தியானம் படம் எடுக்கப் போறதுக்கு பதிலா மீன் சாப்பாடு சாப்பிட்டு தூங்கலாம். ஆக, உங்க கையில இருக்கறது காலையில ரெண்டு ரெண்டரை மணி நேரம், அவ்வளவுதான். மே, ஜூன்ல சூரியன் அஞ்சே முக்கால் வாக்குல வந்துரும், தை மாசத்துல ஆறரை ஆகும். லீவுக்கு வந்தவங்கள அஞ்சரைக்கு எழுப்புறது பாவம், அதனால தை, மாசியில வரச் சொல்லுங்க, வெயிலும் தெளிவா இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில மேகம் மூடிக்கிட்டா நிழலுக்கு எங்க போறது.

சாயங்காலம்? நம்ம கடல் கெழக்க பாத்து இருக்கு. சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னாடி எறங்குது, பீச் ரோடு பூரா கட்டட நிழல்ல படுத்துடும். முகத்துக்கு நல்ல மெத்துன்னு வெளிச்சம், சாதாரண போர்ட்ரெய்ட்டுக்கு அருமை, ஆனா நிழல் விளையாட்டுக்கு பிரயோஜனம் இல்ல. காலையில கணக்கு தலைகீழ். கடல்லேர்ந்து நேரா வர்ற வெயில் பீச் ரோட்டு கட்டட முகப்புல அப்பிடியே மோதும், நடுவுல மறைக்க ஒண்ணும் இல்ல. ரோட்டுக்கும் அந்நேரத்துக்கு வண்டி விட மாட்டாங்க, நடு ரோட்டுல நின்னு எடுக்கலாம், வாக்கிங் போற பெரியவங்க மட்டும் ஒரு மாதிரி பாப்பாங்க.

சுவரு தேடறப்ப வெளிர் நெறமா, வழவழன்னு, கெழக்க பாத்து இருக்கணும். காந்தி சிலைய சுத்தி இருக்கற கருங்கல் தூண பாத்ததும் பிரைட்டன் தூண் ஞாபகம் வந்து அங்க ஓடுவீங்க, ஓடாதீங்க, கல்லு கருப்பு, மேல செதுக்கல் வேற, நிழல் விழுந்தாலும் தெரியாது. 2014ல இடிஞ்சு விழுந்து திரும்பக் கட்டுன மேரி கட்டடம் (பழைய நகராட்சி ஆபீஸ்) கடல பாத்து வெளிர் நெறத்துல நிக்குது, அந்த மாதிரி முகப்புதான் வேணும். உள்ள இருக்கற துய்மா தெரு, சுஃப்ரேன் தெரு மாதிரி கடலுக்கு இணையா ஓடுற தெருவுல மேற்கு பக்கத்து வீட்டுச் சுவருல வெயில் படும், ஆனா எதிர் வீட்ட தாண்டி வர கொஞ்சம் நேரமாகும், பீச் ரோட்ட முடிச்சிட்டு அங்க போனா சரியா இருக்கும். நான் மஞ்சச் சுவரு வேணாம்னு சொன்னது முன்னாடி போஸ் குடுக்கறதுக்கு. நிழல் விழ அது தங்கமான சுவரு.

ஆள சுவத்துலேர்ந்து எவ்ளோ தூரத்துல நிக்க விடலாம்? ஒரு மீட்டருக்குள்ள. சூரியன் 14 டிகிரியில இருக்கறப்ப ஒரு மீட்டர் தள்ளி நின்னா நிழல் கால் மீட்டர் கீழ எறங்கும், 45 டிகிரியில முழு ஒரு மீட்டர் எறங்கிடும், தல இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இருக்காது. தூரம் கூடக் கூட ஓரமும் மங்கும், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்குல. கூர்மையா இருந்தாத்தான் நிழல் தனி ஆளா நிக்கும், மங்குனா வெறும் நிழல்.

அப்புறம் உங்க நிழல். வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கும், நேரா நின்னீங்கன்னா நீங்களும் சுவத்துல இருப்பீங்க. பக்கவாட்டுல நகந்து சாய்வா எடுங்க.

இப்ப கேமரா புடிக்கற விதம். அந்தக் காலத்துல மில்லர் கையில இருந்தது ரோலிஃப்ளெக்ஸ்ங்கற ஃபிலிம் கேமரா, ஏகரும் ஒண்ணு வச்சிருந்தாங்க. ஒரு ரோலுக்கு 12 படம், சதுரம், எடமும் வலமும் மாறித் தெரியும், முக்கியமா அத வயித்துகிட்ட வச்சு குனிஞ்சுதான் பாக்கணும். எதிர்ல இருக்கறவங்களுக்கு யாரோ தன்ன கண்ணு வச்சு குறி பாக்கற மாதிரி இருக்காது. இன்னிக்கு அதே தோரணையில ஊரே நிக்குது, தல குனிஞ்சு, போன நெஞ்சுக்கு கீழ புடிச்சுகிட்டு. அத பயன்படுத்திக்கோங்க. போன மூஞ்சிக்கு நேரா தூக்காதீங்க, மெசேஜ் பாக்கற மாதிரி கீழ புடிச்சு, ஃபிரேம சதுரமாக்கி, சவுண்ட ஆஃப் பண்ணிட்டு வால்யூம் பட்டன்ல எடுங்க.

போன்ல மூணு விஷயம் அணைக்கணும், போர்ட்ரெய்ட் மோட், பியூட்டி, முடிஞ்சா எச்டிஆர். எச்டிஆர் என்ன பண்ணும்னா பாவம் நல்லது பண்றேன்னு நிழலுக்குள்ள வெளிச்சத்த ஊத்தி சாம்பலாக்கிடும், நமக்கு நிழல் கருப்பா வேணும். வெயில் பட்ட சுவத்து மேல வெரல அழுத்திப் புடிச்சு லாக் பண்ணி, வெளிச்சத்த கொஞ்சம் கீழ எறக்குங்க. லென்ஸ பனியன் துணியில ஒரு தொட தொடைங்க, பீச் ரோட்டுல பத்து நிமிஷம் நின்னாலே உப்பு படிஞ்சு எல்லாப் படமும் கல்யாண வீடியோ மாதிரி மின்னும். கேமரான்னா 35 எம்எம் லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ ரெண்டரை மீட்டர்ல வச்சு ஆட்டோவ அணைச்சிடுங்க, ஃபுல் ஃபிரேம்ல 1.7 மீட்டர்லேர்ந்து 4.8 மீட்டர் வரைக்கும் எல்லாம் கூர்மையா இருக்கும், ஃபோகஸ் தேடறதுல நேரம் போகாது. ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 500ல ஒரு பங்கு, அங்கேர்ந்து வெயிலுக்கு தக்கபடி ஏத்தி எறக்கிக்கலாம்.

எல்லாம் தயார், இப்ப எதுக்கு காத்திருக்கணும்? பொருளுக்கு. ஏகர் கழுத்துல கேமரா சாமான் தொங்கலன்னா அந்தப் படம் ஒரு பொம்பளையோட நிழல், அவ்வளவுதான். ஒரு பொருளும் ஒடம்பும் நிழல்ல ஒட்டிக்கிட்டு மூணாவது ஒண்ணு ஆகுதில்ல, அந்த நொடிதான் வேணும். இதுக்கு பாண்டியில பஞ்சமே இல்ல. ஜோல்னா பையி, மடக்குன கொட, ஹெல்மெட், சைக்கிள் ஹேண்டில்பார், பூக்கட, பலூன்காரர்.

என் தோழி ஒருத்தி, லினோகட் (லினோலியத்துல செதுக்கி அச்சு எடுக்கறது) பண்றவ, துய்மா தெருவுல எளநி குடிச்சா. ஸ்ட்ரா வேணாம்னு ரெண்டு கையால தூக்கி அண்ணாந்து குடிச்சா. அவ மூஞ்சிய பாத்தீங்கன்னா ஒண்ணும் இல்ல, தாகத்துல எளநி குடிக்கற பொண்ணு, மோவாயில ஒழுகுது. சுவத்துல பாத்தீங்கன்னா கழுத்துக்கு மேல தலையே இல்ல, அந்த எடத்துல பெரிய உருண்ட ஒண்ணு, ரெண்டு பக்கமும் முழங்கை விரிஞ்சு ஏதோ பூச்சியோட கொம்பு கணக்கா. நான் போன கீழ புடிச்சிருந்தேன்.

"என்னடி பண்ற, மெசேஜா?"

"ஆமா, அம்மாவுக்கு."

படத்துல அவளோட ஒரு முழங்கை மட்டும் ஓரத்துல நெசமா இருக்கு, மத்ததெல்லாம் நிழல். அந்த முழங்கை இருக்கறதாலதான் நிழல் யாரோடதுன்னு தெரியுது, இல்லன்னா வெறும் புதிர். வெட்டறப்ப இத யோசிங்க, ஆள முழுசா வச்சா நிழல் துணைக்கு வந்ததாயிடும், முழுசா எடுத்துட்டா போர்ட்ரெய்ட்டே இல்ல. கை, செருப்பு, பையோட வாரு, ஏதாவது ஒரு துண்டு மிச்சம் வைங்க. அதே மாதிரி தெருப் பேரு பலகை, அந்த நீலப் பலகை, ஃபிரேமுக்குள்ள வந்தா டூரிஸ்ட் படம் ஆயிடும், தள்ளிக்கோங்க.

நிழல் சலிச்சிட்டா கடலூர் பக்கம் போங்க, பாண்டியிலேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுல சுவரு கெடையாது, மணல்தான், அங்க காலையில தரையில விழுற நீள நிழல மேலேர்ந்து எடுக்கலாம், ஆனா அத விட அங்க பொறுக்கற பொருள் ஜாஸ்தி. ஏகரே கடற்கரையில பொறுக்கறதுல கில்லாடி. 1936ல பிரான்ஸ்ல இருக்கற பிரிட்டனி கடற்கரையில விசித்திரமா இருந்த பாறைங்கள ஒண்ணொண்ணா போட்டோ எடுத்தாங்க, சங்கு, பவளம், மீன் வலைன்னு வச்சு ஒரு தொப்பியே செஞ்சாங்க, மார்செய் பக்கத்து மீன் குழம்பான புயாபேஸ் சாப்பிடறப்ப போட்டுக்கற சடங்குத் தொப்பின்னு அதுக்கு பேரு, 1948ல அத தலையில வச்சுகிட்டு லண்டன் தெருவுல நடந்து போன படமே இருக்கு. நம்மூர் வஞ்சிர மீன் குழம்புக்கு அப்பிடி ஒரு தொப்பி செய்ய கடலூர் கரையில எல்லா சாமானும் கெடக்கு, மெதவக் கட்டை, நைலான் கயிறு, கிளிஞ்சல். உங்க ஃபிரண்டு ஆர்டிஸ்டா இருந்தா நீங்க சொல்லாமலே பொறுக்க ஆரம்பிச்சிருவாங்க, ரெண்டு கையும் நெறஞ்சதும் வாயில கவ்விக்குவாங்க, இல்ல தலையில வச்சிக்குவாங்க, அப்ப எடுங்க. "தலையில வை"னு நீங்க சொன்னீங்கன்னா செத்துப் போச்சு.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கடலூர் முதுநகர் துறைமுகத்துல வரிசையா நிக்கும், வல மேடு மேடா குவிஞ்சிருக்கும், மாலுமி இல்லாத படகு மூக்கு ஒரு ஆளு தலைக்கு மேல நீட்டிகிட்டு இருந்தா அளவே கொழம்பிடும், ரொம்ப நல்ல சமயம். ஆனா வல பின்னிகிட்டு இருக்கறவங்க ஃபிரேம்ல வந்தா போய் "அண்ணே, படத்துல வர்றீங்க, பரவால்லயா"ன்னு கேளுங்க. உங்க ஃபிரண்டு மொதல் நாளே சம்மதம் குடுத்தாச்சு, அவங்க குடுக்கல. பொம்பளைங்க கருவாடு காய வைக்கற எடத்துல கேமராவ பையில போட்டுட்டு பேசிட்டு வாங்க, அதுல ஒண்ணும் கொறஞ்சிடாது.

வீட்டுக்கு வந்ததும் படத்த தேர்ந்தெடுக்காதீங்க, ரெண்டு நாள் போகட்டும், எடுத்தப்ப இருந்த குஷி அடங்கட்டும். அப்புறம் ஃபிரண்டு அழகா இருக்கற படத்தையெல்லாம் தனியா ஒதுக்கி அவங்களுக்கு குடுத்துருங்க, மிச்சத்துல தேடுங்க. கருப்பு வெள்ளையாக்குனா நிழல் கூடுதலா நிக்கும், மஞ்சச் சுவருன்னா மட்டும் கலர்லயும் ஒரு தடவ பாருங்க, நீல வானத்து வெளிச்சத்தால அந்த நிழல்ல லேசா ஒரு பச்ச சாயல் ஏறியிருந்தா விட்டுடுங்க, அதுவே போதும். அதுக்கு மேல எடிட்டிங்ல கைய வைக்காதீங்க, கூட்டத் தேவையில்ல.

ஒரு விஷயம் யாரும் செய்யறதில்ல, பேரு எழுதறது. மூழான் கூட்டத்துல இருந்த ஆடி ஃபிதலின், கரீபியன் கடல்ல பிரெஞ்சுக்காரங்க வச்சிருந்த குவாதலூப் தீவுலேர்ந்து வந்த டான்ஸர், (அதே குவாதலூப்புக்குத்தான் 1854லேர்ந்து பாண்டி, காரைக்கால் வழியா நம்ம ஆளுங்கள ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏத்துனாங்க), அந்த வட்டத்துப் படங்கள் நெறையாத்துல அவங்க இருக்காங்க, ஆனா பிக்காஸோ பேரு, மேன் ரே பேரு தெரிஞ்ச அளவுக்கு அவங்க பேரு ரொம்ப வருஷம் யாருக்கும் தெரியல. மில்லரோட சொந்த நெகட்டிவ்களே அறுபதாயிரம் வரைக்கும் அவங்க 1977ல எறந்தப்புறம்தான் வீட்டுப் பரண்லேர்ந்து வெளிய வந்துச்சு. அதனால ஃபைல் பேருலயே போடுங்க, யாரு, எந்தத் தெரு, எந்தத் தேதி, பக்கத்துல இருந்தது யாரு. எளநிக்காரர் சம்மதிச்சிருந்தா அவரு பேரும்.

ஃபிரண்டுக்கு அனுப்பறப்ப வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதீங்க, நசுக்கிடும், நிழல் ஓரமெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகும். டாக்குமெண்ட்னு போட்டு அனுப்புங்க. பிரிண்ட் போடறதா இருந்தா சதுரத்துல எட்டுக்கு எட்டு இன்ச், மேட் பேப்பர், ஸ்டுடியோக்காரர் "மூஞ்சியே தெரியலயே, கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா"ன்னு கண்டிப்பா கேப்பார், வேணாம்னு சொல்லிட்டு பக்கத்துலயே நில்லுங்க.